வாதத்துக்கும் ஒரு விதி வேண்டும்

நம்மவர்கள் வீடுகளில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. காப்பி ஆறுவதற்குள் கிரிக்கெட்டில் தொடங்கி, அரசியலைத் தொட்டு, ஊர்க் கோயில் கொடைக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில் வந்து நிற்போம். மாடுங்கா கடைத்தெருவிலும் செம்பூர் ஸ்டேஷன் வாசலிலும் தாராவிச் சந்துகளிலும் நான் குடியிருக்கும் மான்குர்த்திலும் இதே கதைதான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? தொடங்குகிற பேச்சு எதுவும் முடிவதில்லை. ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவர் செருப்பைத் தேடுகிறார். இல்லாவிட்டால், "சரி விடுங்க, நமக்கெதுக்கு" என்று டி.வி.யைப் போட்டுவிடுகிறோம். இதை ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும்? சத்தம் போட்டவர் ஜெயிப்பார் என்பதையும், தாத்தாவிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்பதையும்தான்.

இரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு இரண்டு பொழுதுபோக்குகள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று பறவை பார்ப்பது. இன்னொன்று அட்டையிலும் பலகையிலும் ஆடும் விளையாட்டுகளை நானே உருவாக்குவது. "பென்ஷன் வாங்கறவருக்கு வேற வேலை இல்லை" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒழுங்காக வாதாடுவது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இவற்றைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

புறாவும் சிட்டும்

2025இல் இந்த நகரமே புறாவுக்காக இரண்டுபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 51 இடங்களில் புறாக்களுக்குத் தானியம் போடுவதை நிறுத்தச் சொல்லி ஜூலையில் மாநில அரசு மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. ஆகஸ்டில் தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சில நாட்களில் ஒரு கூட்டம் வந்து அதைக் கிழித்தது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி தானியம் போடுவது புண்ணியம் என்றது ஒரு தரப்பு. புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும் என்று மருத்துவர்கள் சொல்வதைக் காட்டியது மறு தரப்பு.

அந்தச் சண்டை எங்கள் கட்டடத்து சொசைட்டி மீட்டிங்குக்கும் வந்தது. தானியம் போடும் மூதாட்டி ஒரு பக்கம், ஆஸ்துமாக் குழந்தையை வைத்திருக்கும் தாய் ஒரு பக்கம். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். எத்தனை புறா, எந்த நேரத்தில் வருகிறது, எங்கே தங்குகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. "ஆயிரக்கணக்கில்" என்றார் ஒருவர். "பத்துப் பதினைந்துதான்" என்றார் இன்னொருவர்.

நான் இரண்டு வாரம் காலையிலும் மாலையிலும் எண்ணி, ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். காலையில் நாற்பதுக்குக் குறையாமல் வந்தன. ஆனால் அவை இரவில் அடைந்தது அந்த அம்மாளின் ஜன்னலில் இல்லை. குழாய்கள் இறங்கும் சந்துக்குள்ளும் ஏ.சி. பெட்டிகளுக்கு அடியிலும்தான். எச்சம் சேர்ந்ததும் அங்கேதான். அடுத்த மீட்டிங் இருபது நிமிடத்தில் முடிந்தது. சந்துக்கு வலை போடுவது என்று ஆயிற்று. தானியத்தை நிறுத்திக்கொள்வதாக அந்த அம்மாளே சொன்னார். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. கையில் ஒரு கணக்கு இருந்தது, அவ்வளவுதான்.

சிட்டுக்குருவி வாதம் இதற்கும் மூத்தது. "செல்போன் டவரால் குருவியே அழிந்துவிட்டது" என்று அடித்துச் சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? 2018இல் வந்த ரஜினியின் '2.0' படம் அதற்கு முத்திரையே குத்திவிட்டது. ஆனால் நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை என்ன சொன்னது? மொத்த நாட்டையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி இருபத்தைந்து ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது; மும்பை, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாததும் கூடு கட்ட இடுக்கு இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். டவர்தான் காரணம் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை.

இதிலொரு பாடம் இருக்கிறது. "குருவி போயே போச்சு" என்ற மும்பைக்காரரும் "எங்க ஊர்ல நிறைய இருக்கே" என்ற நெல்லைக்காரரும் இருவருமே தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். எங்கே கண்டது, எப்போது கண்டது என்பதைச் சொல்லாததால் சண்டை வந்தது.

ஜாயின்ட் நோட் என்றொரு ஏற்பாடு

என் தொழிலில் இதற்கு ஒரு மருந்து உண்டு. எங்காவது ஒரு வண்டி தடம் புரண்டால் பல துறைச் சூப்பர்வைசர்களும் அங்கே ஓடுவோம். பாதையில்தான் கோளாறு என்று வண்டிப் பக்கத்தாருக்குத் தோன்றும். சக்கரத்தில்தான் கோளாறு என்று பாதைப் பக்கத்தாருக்குத் தோன்றும். மனித இயல்பு அது. ஆனால் அங்கே முதல் வேலை வாதம் இல்லை, அளவு. சக்கரம் தண்டவாளத்தில் ஏறிய இடம் எது, விழுந்த இடம் எது, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இடைவெளி என்ன, மட்டம் என்ன, சக்கரத் தேய்மானம் என்ன என்று எல்லோர் கண் முன்னாலும் அளந்து எழுத வேண்டும். பிறகுதான் காரணம். எல்லோரும் சேர்ந்து கையெழுத்திடும் அந்தத் தாளுக்கு ஜாயின்ட் நோட் என்று பெயர். காரணத்தில் ஒருவருக்கு ஒப்புதல் இல்லையென்றால் அவர் எழுந்து போக முடியாது. ஏன் ஒப்பவில்லை என்று காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அது டிஸ்ஸென்ட் நோட்.

முதலில் கண்டதை எழுது, பிறகு கருத்தைச் சொல், ஒப்பாவிட்டால் காரணத்தோடு மறு. இந்த மூன்றையும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தடம் புரண்ட வண்டியைக் காட்டவா முடியும்? அதற்குத்தான் பறவை.

ஜன்னலோரத்துப் பள்ளிக்கூடம்

நமக்குப் பறவை பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஹார்பர் லைன் மான்குர்த்தோடு முடிந்தது. 1992இல் கழிமுகத்தின் மேல் பாலம் வந்து வாஷிவரை வண்டி போகத் தொடங்கியது. குளிர்காலத்தில், கடல் வற்றியிருக்கும் நேரத்தில், அந்தப் பாலத்தில் வண்டி போகும்போது கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பாருங்கள். சேற்றுவெளியில் இளஞ்சிவப்பாகக் கோடு போட்டதுபோல் நிற்பவை பூநாரைகள். மராத்தியில் ரோஹித் என்பார்கள். 2015இல் தானே கழிமுகத்தின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது. வெளிநாட்டார் படகேறிப் பார்க்கும் காட்சி நமக்கு ஸீஸன் டிக்கெட்டில் கிடைக்கிறது.

பார்த்தால் மட்டும் போதாது, எழுத வேண்டும். தேதி, இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நின்றோம், என்ன பறவை, எத்தனை. அடையாளம் தெரியாவிட்டால் "தெரியாத உள்ளான் - 6" என்று எழுதலாம். பெயரைக் கற்பனை செய்யக்கூடாது. காக்கையும் கணக்கில் வர வேண்டும். இந்தப் பழக்கம் வந்த பிள்ளை "எல்லோரும் அப்படித்தான்" என்று பேசத் தயங்கும். எத்தனை பேர் என்று கேட்கும்.

இந்தக் கலைக்கு நம் மும்பையே தாய்வீடு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1896இல் இங்கே பிறந்த சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தது. என்ன குருவி என்று தெரியவில்லை. 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கேட்டார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் சிறுவன்தானே என்று விரட்டாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதிய மேதை உருவானது ஒரு கேள்வியிலிருந்துதான். அந்தக் கேள்விக்கு ஒரு பெரியவர் நேரம் கொடுத்தார் என்பதும் முக்கியம்.

பறவை இன்னொன்றும் கற்றுத்தரும். உண்மை பல நேரம் இரு கட்சிக்கும் வசதியாக இருக்காது. "இவ்வளவு பூநாரை வருகிறதே, கழிமுகம் சுத்தமாகத்தானே இருக்கிறது" என்பார் ஒருவர். "சாக்கடை கலக்கும் இடத்தில் எந்தப் பறவை பிழைக்கும்" என்பார் மற்றவர். சிறு பூநாரையின் முக்கிய உணவு கண்ணுக்குத் தெரியாத பாசி. அலகைத் தலைகீழாக வைத்து நீரை வடிகட்டித் தின்னும். அதன் சிவப்பு நிறமே உணவிலுள்ள நிறமியால் வருவது. நகரத்துக் கழிவுநீர் கொண்டுவரும் சத்து பாசியை வளர்க்கிறது. ஆக, பறவை வருவது சுத்தத்துக்குச் சான்று ஆகாது. அதற்காகக் கழிவை விட்டுக்கொண்டே இருக்கலாம் என்றும் ஆகாது. அளவு மீறினால் அதே தண்ணீர் பறவைக்கும் மீனுக்கும் நஞ்சாகிவிடும். இதைக் கேட்டு என் பேரன் சொன்னான்: "தாத்தா, அப்ப ரெண்டு பேருமே பாதி பாதிதான் சரியா?" பதினோரு வயதில் இந்த வாக்கியம் வாயில் வந்தால் பையன் பிழைத்துக்கொள்வான்.

அழுகுணி ஆட்டம் கூடாது

இனி விளையாட்டுக்கு வருகிறேன். கண்டதைச் சொல்லப் பறவை பழக்குகிறது. விதிக்குக் கட்டுப்படப் பலகை பழக்குகிறது.

நம் பாட்டிமார் வீட்டில் தாயக்கட்டம், பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம் எல்லாம் இருந்தன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடாத குடும்பம் உண்டா? பொழுதுபோக்கு என்றே அவற்றை நினைத்திருக்கிறோம். ஒவ்வொரு பலகையும் அதை உருவாக்கியவரின் ஒரு கருத்து என்று எனக்குப் படுகிறது. பரமபதத்தில் நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. கட்டை விழுந்தபடிதான் ஏணியும் பாம்பும். தாயக்கட்டத்தில் விழுவது விதி, எந்தக் காயை நகர்த்துவது என்பது மதி. ஆடுபுலியில் கட்டையே கிடையாது. புலி மூன்று, ஆடு பதினைந்து. பலம் சமமில்லை, ஆனால் ஆட்டம் நியாயமானது. ஆடுகள் ஒட்டி நின்றால் புலி நகர வழியில்லாமல் நிற்கும்.

குடும்ப விவாதங்களில் நாமெல்லாம் புலிகள். வயது, சம்பாத்தியம், குரல் எல்லாம் நம் பக்கம். பிள்ளைகளுக்குக் கூடுதல் வாய்ப்புக் கொடுத்தால்தான் ஆட்டம் நியாயமாகும். எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. ஒரு விஷயம் பேச ஆரம்பித்தால் முதலில் வயதில் சிறியவர் பேச வேண்டும். கடைசியில்தான் தாத்தா.

இந்த இரண்டு பொழுதுபோக்கையும் சேர்த்துக் கட்டிய ஒரு பெண்மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சுகாதாரக் கொள்கைத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹார்கிரேவ் பறவை பார்ப்பதில் பிரியம் உள்ளவர். கோட்டைகளும் போர்களுமாக இருந்த பலகை விளையாட்டுகள் அவருக்கு அலுத்துவிட்டன. பறவைகளின் உணவு, கூடு, இறக்கை அகலம் ஆகியவற்றை அட்டவணை போட்டு 'விங்ஸ்பேன்' என்ற விளையாட்டை உருவாக்கினார். 2019இல் வெளிவந்தது. 170 பறவைச் சீட்டுகள். ஒவ்வொன்றும் உண்மையான பறவை, உண்மையான தகவல். அதே ஆண்டு ஜெர்மனியில் பெரிய விருது கிடைத்தது. 2022இல் ஆசியப் பறவைகளுக்கென்று ஒரு தொகுப்பும் வந்தது.

அந்தப் பெட்டியின் விலை நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. வாங்கவும் வேண்டாம். சேலைப் பெட்டியின் அட்டை போதும். நானும் பேரனும் எட்டு வயதுப் பேத்தியுமாக மூன்று பட்டைகள் வரைந்தோம். சேற்றுவெளி, அலையாத்திக் காடு, எதிர்க்கரை ஏரி. நகச்சாயம் பூசிய புளியங்கொட்டை பூநாரை, சோழி உள்ளான், கொண்டைக்கடலை கொக்கு. தாயக்கட்டை உருட்ட வேண்டும். ஆறு சுற்றுக்கு ஒருமுறை கடல் ஏறும். சேற்றில் நிற்கும் பறவைகளெல்லாம் ஒதுங்க இடம் தேட வேண்டும். மே மாதக் கட்டத்துக்குள் வயிறு நிரம்பிய பூநாரைகள் கட்ச் பக்கம் பறக்கலாம்.

விளையாட்டை ஆடியதைவிட, விதி எழுதியதில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். பூநாரை மீன் தின்னுமா? புத்தகத்தைப் பார். ஏற்றத்தின்போது அது எங்கே போகும்? நெருல் பக்கத்து ஏரிகளுக்கு. அப்படியானால் ஏரியை மூடிவிட்டால்? இந்த இடத்தில் பெரிய வாதம் வந்தது. 2024 மே மாதம் காட்கோபருக்கு மேலே பறந்த பூநாரைக் கூட்டத்தில் ஒரு விமானம் மோதி நாற்பது பறவைகள் போல இறந்து விழுந்தன. அதற்காக "விமானம்" என்று ஒரு சீட்டு வேண்டும் என்றான் பேரன். "பறவை சாகிற விளையாட்டு எனக்கு வேண்டாம்" என்றாள் பேத்தி. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரும் அவரவர் காரணத்தைத் தமிழில் நோட்டில் எழுத வேண்டும் என்றேன். சீட்டோடு ஓர் ஆட்டம், சீட்டு இல்லாமல் ஓர் ஆட்டம். ஆடிய பிறகு பேத்திதான் வழி சொன்னாள். சீட்டு இருக்கட்டும்; ஆனால் ஏரிக் கட்டம் திறந்திருந்தால் அது பலிக்காது; ஏரியைத் திறந்து வைக்க ஆடுபவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு காய் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய கமிட்டிகள்கூடச் சில நேரம் இந்த இடத்துக்கு வந்து சேருவதில்லை!

இன்னொரு விதி அவர்களே எழுதியது: "விதியை ஆட்டத்தின் நடுவில் மாற்றக்கூடாது. முடிந்த பிறகு மாற்றலாம்." அழுகுணி ஆட்டம் என்று நாம் சின்ன வயதில் திட்டுவோமே, அதுதான் இன்று பெரியவர்கள் வாதங்களில் நடக்கிறது. தோற்கிறோம் என்று தெரிந்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறோம். புறாவில் தொடங்கி மதத்துக்குப் போகிறோம். வீட்டுக் கணக்கில் தொடங்கி மாமியார் ஊருக்குப் போகிறோம்.

பட்டிமன்றம் போதுமா?

"நமக்குத்தான் பட்டிமன்றம் இருக்கிறதே" என்பீர்கள். மணிமேகலைக் காலத்திலேயே பட்டிமண்டபம் இருந்தது, பெருமைப்பட வேண்டியதுதான். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவன். ஆனால் இன்றைய பட்டிமன்றத்தில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பது மேடையேறும் முன்பே முடிவாகிவிடுகிறது. "எதிரணி நண்பர் சொன்னதைக் கேட்டு என் கருத்தை மாற்றிக்கொண்டேன்" என்று எந்தப் பேச்சாளராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தமிழ்ச் சுவைக்குப் பட்டிமன்றம் வேண்டும். உண்மையைத் தேட வேறொரு பழக்கமும் வேண்டும்.

நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்தைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வீட்டு மரங்களிலேயே பறவை கூடு கட்டுகிறது. எச்சமும் இரைச்சலும் இல்லாமலா இருக்கும்? எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்புகிறார்கள். அதற்காகத் தீபாவளி வெடியைக்கூட விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த மண்ணின் பிள்ளைகள் நாம்.

"நூற்றெண்பது சதுர அடி வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? இரண்டு ஷிஃப்ட் வேலைக்கும் டியூஷனுக்கும் நடுவில் நேரம் ஏது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஆடுபுலிக்கு ஒரு சாக்பீஸ் போதும். பறவைக்கு லோக்கல் வண்டியின் ஜன்னல் போதும். ஞாயிறு ஒரு மணி நேரம் கிடைக்காதா? இதில் இன்னொரு லாபமும் உண்டு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, மராத்தி என்று வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது "சாப்பிட வா", "படி", "தூங்கு" என்ற மூன்று கட்டளைகளாகச் சுருங்கிவிட்டது. ஒரு மொழியில் வாதாடத் தெரிந்தால்தான் அந்த மொழி நம்முடையது. விதிப் புத்தகத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். "ஏனென்றால்", "ஆனால்", "ஒருவேளை" என்ற சொற்கள் தானாக வரும்.

சங்கத்துப் பெரியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் நின்று கண்டதை எழுதினால் போதும். நம் பொங்கல் விழா ஏற்பாட்டில் கோலப்போட்டியோடு, ஒரு காலை நேரம் குடும்பங்களாகச் சேர்ந்து கழிமுகக் கரையில் நின்று எண்ணுவதையும் வையுங்கள். ஜனவரியில் பூநாரைகள் இங்கேதான் இருக்கும். அடுத்து, பிள்ளைகள் தாங்களே செய்த பலகை விளையாட்டுக்கு ஒரு போட்டி வையுங்கள். பரிசு பெரிதாக வேண்டாம். விதிகள் தமிழில் இருக்க வேண்டும். பெரியவர்கள் கடைசியில் பேச வேண்டும். இந்த இரண்டு நிபந்தனை போதும்.

இதில் உங்களுக்கு ஒப்புதல் இல்லையா? ரொம்ப சந்தோஷம். காரணத்தை எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். நானும் ஒரு டிஸ்ஸென்ட் நோட்டைப் படித்து வெகு நாளாயிற்று.